மிலான் முதல் பாரிஸ் வரை: ரயில் பயணச்சீட்டை இங்கிருந்தே வாங்குவதா, அங்கே இறங்கிய பிறகு வாங்குவதா?

நொய்யல்கரை, கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதம், பிள்ளைகளின் கோடை விடுமுறையில், எங்கள் குடும்பத்தில் ஐந்து பேர் முதன்முறையாக ஐரோப்பா செல்லவிருக்கிறோம்: நானும் என் கணவரும், 14 வயது மகளும், 9 வயது மகனும், 68 வயதான என் மாமியாரும். சென்னையிலிருந்து புறப்பட்டு, வழியில் ஓரிடத்தில் விமானம் மாறி, மறுநாள் நண்பகலில் மிலானின் மல்பென்சா விமான நிலையத்தில் இறங்குகிறோம். அன்று மாலையே ரயிலில் வெனிஸ் போய்விடுவது என்றும், அங்கு 2 இரவு, புளோரன்ஸில் 2 இரவு, ரோமில் 3 இரவு தங்கிவிட்டு, ரோமிலிருந்து ஒரே நாளில் மிலான் வழியாகச் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகருக்கு வந்து 4 இரவு இருப்பது என்றும், கடைசியாகப் பாரிஸில் 3 இரவு கழித்து அங்கிருந்தே ஊர் திரும்புவது என்றும் எழுதி வைத்திருக்கிறோம். விமானச் சீட்டு மட்டும் எடுத்தாயிற்று. விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

என் கேள்வி ரயில்களைப் பற்றியது. ரயில் என்றாலே, முன்பதிவு திறக்கும் நாளில் காலை 8 மணிக்குக் கணினிக்கு முன்னால் அமர்ந்து, ஐந்து நிமிடத்தில் இடம் தீர்ந்துவிடுமோ என்று பதறிப் பழகியவள் நான். அந்தப் பழக்கத்தோடுதான் இத்தாலிய ரயில்களையும் பார்க்கிறேன். தெரிந்தவர்கள் சொல்வதோ ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அலுவலகத் தோழி ஒருவர், நிலையத்திலுள்ள இயந்திரத்தில் அன்றன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம், நாள் முழுவதும் ரயில்கள் ஓடுகின்றன, இதற்காக ஏன் கவலைப்படுகிறாய் என்கிறார். கணவரின் நண்பர், மூன்று மாதம் முன்பே வாங்காவிட்டால் இரண்டு மடங்கு விலை கொடுக்க நேரும் என்று எச்சரிக்கிறார். எங்கள் ஊர்ப் பயண முகவரோ, எல்லா நாடுகளுக்கும் சேர்த்து ஒரே பாஸ் எடுத்துவிட்டால் எந்த ரயிலிலும் ஏறிக்கொள்ளலாம் என்கிறார்.

மாமியாருக்கு மூட்டு வலி உண்டு. அரை மணி நேரம் நின்று பயணம் செய்வதுகூட அவரால் ஆகாது. ஆகவே ஒவ்வொரு ரயிலிலும் அவருக்கு உட்கார இடம் உறுதியாக வேண்டும். ஐந்து பேருக்கு ஆறு ரயில்கள் என்றால் தொகையும் சிறியதன்று. விசா மறுக்கப்பட்டால் அது அப்படியே போய்விடுமே என்ற அச்சமும் இருக்கிறது. எவற்றை இங்கிருந்தே வாங்க வேண்டும், எவற்றை அங்கே வாங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் பேருதவியாக இருக்கும்.

ஆரேக்கரை, பேர்ண்

வணக்கம் சகோதரி. நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன்; சுவிற்சர்லாந்தில் வாழத் தொடங்கி 30 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஊரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருகிற உறவினருக்குத் தொடருந்துச் சீட்டு எடுத்துக் கொடுப்பது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

உங்கள் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்குகிறது. இந்தியத் தொடருந்துகளில் கட்டணம் பெரும்பாலும் ஒரே அளவில் நிற்கும், இடம்தான் தீர்ந்துபோகும். காத்திருப்போர் பட்டியலும் தட்கலும் அதனால்தான் தேவைப்படுகின்றன. இங்கே பெரும்பாலான வழித்தடங்களில் இடம் கடைசி நாளிலும் கிடைக்கும், கட்டணம்தான் ஏறிக்கொண்டே போகும். காத்திருப்போர் பட்டியல் என்ற ஒன்று இந்த நாடுகளில் இல்லை. ஆகையால் இடம் கிடைக்குமா என்ற கேள்வியை ஒருபுறம் வைத்துவிட்டு, இந்தத் தொடருந்தின் கட்டணம் நாளுக்கு நாள் மாறுகிறதா, மாறாமல் நிற்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியே கேளுங்கள். மாறுகிறதை முன்கூட்டி வாங்க வேண்டும். மாறாததை முன்கூட்டி வாங்குவதால் ஒரு சதமும் மிச்சமாகாது.

உங்கள் திட்டத்தில் மாறும் கட்டணம் உள்ளவை: மிலானோவிலிருந்து வெனிஸ், வெனிஸிலிருந்து புளோரன்ஸ், புளோரன்ஸிலிருந்து ரோம், ரோமிலிருந்து மிலானோ ஆகிய நான்கு அதிவேகப் பயணங்கள், மிலானோவிலிருந்து லுட்சேர்ன் வரும் யூரோசிட்டி என்ற எல்லை கடக்கும் வண்டி, சுவிஸ் எல்லை நகரான பாசலிலிருந்து பரிஸ் போகும் டிஜிவி லிரியா என்ற அதிவேக வண்டி. (நீங்கள் லூசர்ன் என்று எழுதியதைத்தான் நாங்கள் லுட்சேர்ன் என்போம்.) மாறாதவை: மல்பென்சாவிலிருந்து நகருக்குள் வரும் தொடருந்து, இத்தாலியின் உள்ளூர்த் தொடருந்துகள், சுவிஸுக்குள் நீங்கள் செய்யும் அனைத்துச் சாதாரணப் பயணங்கள், பரிஸின் மெற்றோ.

சுவிஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வருகிறவர்கள் தேவையில்லாமல் பணத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். உள்நாட்டுத் தொடருந்துகளில் இட ஒதுக்கீடு தேவையில்லை. சீட்டு ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு உரியதன்று. அந்த நாளில், அந்த வழியில் எந்த வண்டியிலும் ஏறலாம். முன்கூட்டி வாங்கினால் விலை குறைகிற சேமிப்புச் சீட்டு என்று ஒரு வகை செயலியில் விற்கப்படுகிறது. ஆனால் அது குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும். மழை பெய்து திட்டம் மாறினால் அந்தச் சேமிப்பு முழுவதும் போய்விடும். காலை 7 முதல் 8 வரையும் மாலை 5 முதல் 6 வரையும் வேலைக்குப் போய் வருகிறவர்களின் கூட்டம் இருக்கும்; மற்ற நேரங்களில் உங்கள் மாமியாருக்கு இருக்கை கிடைப்பதில் எந்தச் சிரமமும் வராது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்று இரண்டு வழிகள் உண்டு. சுவிஸ் டிராவல் பாஸ் என்பது தொடர்ச்சியாக 3, 4, 6, 8 அல்லது 15 நாள்களுக்குத் தொடருந்து, பேருந்து, ஏரிப் படகு எல்லாவற்றுக்கும் செல்லும். இன்னொன்று ஒரு மாதம் செல்லுபடியாகும் அரைக்கட்டண அட்டை. அதை வைத்திருந்தால் சீட்டுகளையும் பெரும்பாலான மலைத் தொடருந்துகளையும் பாதி விலையில் வாங்கலாம். இரண்டில் எதை எடுத்தாலும், பெற்றோருடன் வருகிற 6 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். உங்கள் இரு பிள்ளைகளும் அதில் அடங்குவர். லுட்சேர்னிலிருந்து தினமும் ஓரிடம் போவீர்களானால் பாஸ் நல்லது: ரிகி மலைக்கு அதுவே போதும், டிட்லிஸ் மலைக்குப் பாதி விலை. யுங்பிராவ்யோக் மட்டும் வேறு; 3,454 மீட்டர் உயரத்திலுள்ள அந்த நிலையத்துக்கு, கிரின்டெல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் பாஸ் செல்லும், அதற்கு மேல் 25 விழுக்காடு கழிவு மாத்திரமே கிடைக்கும். அரைக்கட்டண அட்டைக்கோ பாதி விலை. எத்தனை மலை ஏறுவீர்கள் என்று தீர்மானித்த பிறகு இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இந்தப் பாஸின் விலை நாள் நெருங்க நெருங்க ஏறாது; ஆகவே அவசரமே இல்லை.

மலைக்குப் போகும் சீட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் வாரக்கணக்கில் முன்னதாக வாங்க வேண்டாம். மே மாதத்தில் மேலே முகில் மூடிக்கொண்டால் வெள்ளைத் திரையைத் தவிர எதுவும் தெரியாது. மலையுச்சிகளில் வைத்திருக்கும் நேரடிக் கமராக்களை அன்று காலை கைப்பேசியில் பார்த்துவிட்டு, வானம் தெளிந்திருந்தால் மட்டும் வாங்குங்கள். என் அக்காவின் பிள்ளைகள் இரண்டு மாதம் முன்பே வாங்கிக்கொண்டு வந்து, அந்த ஒரு நாள் முழுவதும் முகிலுக்குள் நின்றுவிட்டுத் திரும்பியதை இன்றுவரை நினைத்து வருந்துகிறேன்.

இனி எல்லை கடக்கும் வண்டிகள். மிலானோவிலிருந்து லுட்சேர்ன் வரும் யூரோசிட்டி, 2016 இல் திறந்த 57 கிலோமீட்டர் நீளமான கொத்தார்ட் அடிச்சுரங்கத்தின் வழியாக வருகிறது. மூன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக ஆகும். அதில் இட ஒதுக்கீடு கட்டாயம். பாசலிலிருந்து பரிஸ் போகும் லிரியாவிலும் அப்படியே. அது மூன்று மணி நேரப் பயணம். இரண்டிலும் சலுகை விலை இருக்கைகள் குறைந்த எண்ணிக்கையில்தான் உண்டு, ஆகவே இவற்றை முன்கூட்டி எடுங்கள். லுட்சேர்னிலிருந்து பாசல் வரை ஒரு மணி நேரப் பயணத்துக்கு உங்கள் பாஸே போதும். பாசலில் வண்டி மாறுவதற்கு ஒரு மணி நேர இடைவெளியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

மாடவீதி, சென்னை

வணக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் என் பெற்றோருடனும் தங்கையுடனும் ஏறத்தாழ இதே வழியில் பயணம் செய்தேன். பேர்ண் ஐயா எழுதிய எல்லாவற்றோடும் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: விமானத்திலிருந்து இறங்கும் நாளில் ஏறவேண்டிய ரயிலுக்கு, மாற்ற முடியாத மலிவுச் சீட்டை ஒருபோதும் வாங்காதீர்கள்.

நாங்கள் அந்தத் தவற்றைச் செய்தோம். நண்பகல் இறங்கி, மாலை 4 மணி ரயிலுக்கு நான்கு பேருக்கும் மிகக் குறைந்த விலையில் சீட்டு வாங்கி வைத்திருந்தோம். வழியில் மாறவேண்டிய விமானம் நான்கு மணி நேரம் தாமதமானது. நாங்கள் நகரத்து நிலையத்தை அடைந்தபோது இரவு 8 மணி. அந்த ரயிலுக்கு மட்டுமே செல்லுபடியாகும் சீட்டு என்பதால் பணம் திரும்பவில்லை. விமானத்துக்கும் ரயிலுக்கும் தனித்தனியே பணம் கட்டியிருந்ததால், ஒன்றின் தாமதத்துக்கு மற்றொன்று பொறுப்பேற்காது என்றனர். அதே இரவுக்கு முழு விலையில் நான்கு சீட்டுகள் வாங்கியதில், முன்கூட்டி வாங்கி மிச்சம் பிடித்தது அத்தனையும் போய் அதற்கு மேலும் செலவானது. பணத்தைவிட, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் மேல் அமர்ந்திருந்த அம்மாவின் முகம்தான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

உங்கள் பயணத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. ஐரோப்பிய எல்லைகளில் கைரேகையும் புகைப்படமும் பதிவு செய்யும் புதிய முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. முதன்முறை செல்பவர்களுக்கு வரிசையில் கூடுதல் நேரம் பிடிக்கக்கூடும். அதன் பிறகு பெட்டிகளை எடுத்துக்கொண்டு, மல்பென்சாவிலிருந்து மிலான் மத்திய நிலையத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரவேண்டும். எனவே முதல் இரவை மிலானிலேயே கழித்துவிட்டு மறுநாள் காலை வெனிஸ் செல்வதே பெரியவரையும் சிறுவனையும் வைத்துக்கொண்டு செய்யத்தக்கது என்பேன். அன்றே போக வேண்டும் என்றால், அந்த ஒரு பயணத்துக்கு மட்டும், புறப்படுவதற்கு முன் நேரத்தை மாற்றிக்கொள்ள இடம் தரும் அடிப்படைக் கட்டணத்தில் வாங்குங்கள், அல்லது மிலானில் இறங்கிய பிறகு வாங்குங்கள். மிலானுக்கும் வெனிஸுக்கும் இடையே மாலை வரை அடுத்தடுத்து ரயில்கள் உண்டு. அதிவேக ரயிலின் விலை மிகவும் ஏறியிருந்தால், வெரோனாவில் மாறிச் செல்லும் உள்ளூர் ரயில்கள் எப்போதும் ஒரே விலையில் ஓடுகின்றன, நேரம்தான் கூடுதலாகும்.

இத்தாலியின் மற்ற மூன்று அதிவேகப் பயணங்களை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அரசின் பிரெச்சியாரோஸா, 2012 முதல் ஓடும் தனியார் இத்தாலோ என்று ஒரே தடத்தில் இரண்டு நிறுவனங்கள் போட்டியிடுவதால் முன்கூட்டி வாங்குவோருக்கு உண்மையாகவே நல்ல விலை கிடைக்கிறது. புளோரன்ஸிலிருந்து ரோமுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். இரண்டு மாதம் முன்பு ஆளுக்கு ஏறத்தாழ 20 யூரோவுக்கு நாங்கள் வாங்கிய அதே ரயில், புறப்படும் நாளில் 50 யூரோவைத் தாண்டி விற்றதைச் செயலியில் பார்த்தோம். இந்த ரயில்களில் ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட இருக்கை உண்டு; நின்று பயணம் செய்யும் நிலையே வராது. உங்கள் மாமியாரைக் குறித்த கவலை இந்த ரயில்களில் தேவையில்லை. குழந்தைகளுக்கு இலவசம் என்ற ஒரு சலுகையை அரசு ரயில்களில் காண்பீர்கள். ஆனால் அதில் பெரியவர்கள் அடிப்படைக் கட்டணம் கட்ட வேண்டும். சலுகை விலையில் ஐந்து சீட்டுகள் வாங்குவது பல நாள்களில் அதைவிட மலிவாக இருக்கும், இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெயர்களில் கவனம் தேவை. இத்தாலிய இணையதளங்களில் புளோரன்ஸ் என்பது ஃபிரென்ஸே, வெனிஸ் என்பது வெனேஸியா, மிலான் என்பது மிலானோ. வெனிஸில் இரண்டு நிலையங்கள் உண்டு: சாந்தா லூசியாதான் கால்வாய்க் கரையில் கொண்டுபோய் இறக்கும், மெஸ்த்ரே நிலப்பகுதியில் இருக்கிறது. தங்குமிடம் எங்கே என்று பார்த்துவிட்டு நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். புளோரன்ஸில் சாந்தா மரியா நொவெல்லா நிலையம், ரோமில் தெர்மினி நிலையம்.

உள்ளூர் ரயில்களுக்கு இயந்திரத்தில் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறும் முன் நடைமேடைக்கு அருகிலுள்ள சிறு பச்சை இயந்திரத்தில் செருகி முத்திரை பதிக்க வேண்டும். புளோரன்ஸிலிருந்து பீசாவுக்குப் போனபோது இதை அறியாமல் ஏறி, சீட்டுக்குப் பணம் கட்டியிருந்தும் அபராதமும் கட்டினோம். கைப்பேசியில் வாங்கும் உள்ளூர்ச் சீட்டுக்கும், ஏறும் முன் அதிலேயே வருகையைப் பதிவு செய்ய வேண்டும். அதிவேக ரயில் சீட்டுக்கு இது எதுவும் தேவையில்லை. மேலும், பெரிய நிலையங்களின் இயந்திரங்களுக்கு அருகில் உதவி செய்வதாக யாராவது தாமாக வந்து நின்றால் மறுத்துவிடுங்கள். பணம் கேட்பார்கள், சில நேரம் பையும் போகும்.

விசாவைப் பற்றி: உங்கள் திட்டத்தில் இத்தாலியில்தான் அதிக இரவுகள் என்பதால் இத்தாலியின் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு பொதுவாக 15 நாளில் வரும், சிலருக்கு 45 நாள் வரை நீளலாம். நாங்கள் பயணத் திட்டத்தில் எந்த நாளில் எந்த ரயில் என்று எழுதிக் காட்டினோமே தவிர, விசா கைக்கு வரும்வரை ஒரு ரயில் சீட்டும் வாங்கவில்லை. அந்த ரயில்களின் விற்பனையும் பெரும்பாலும் மூன்று நான்கு மாதம் முன்புதான் திறக்கும் என்பதால், ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிட்டால் விசாவும் மலிவு விலையும் ஏறக்குறைய ஒன்றாகவே கிடைக்கும்.

உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை முன்கூட்டியே இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2020 முதல் நம் நாட்டில் புதிதாகத் தரப்படும் அட்டைகளில் இந்த வசதி, நாம் கேட்டால்தான் திறக்கப்படும். ஒரு அட்டையை இணையதளம் ஏற்காவிட்டால் வேறு வங்கியின் அட்டையைக் கொண்டு முயலுங்கள். எங்களுக்கு மூன்றாவது அட்டையில்தான் நடந்தது.

தேம்ஸ்வாசி, லண்டன்

முகவர் சொன்ன பாஸைப் பற்றி யாரும் இன்னும் கணக்குப் போடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்போருக்கான யூரெயில் பாஸ் நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த ரயிலிலும் அப்படியே ஏறிக்கொள்ளலாம் என்பது உங்கள் வழித்தடத்துக்குப் பொருந்தாது. இத்தாலியின் அதிவேக ரயில்களிலும், எல்லை கடக்கும் யூரோசிட்டியிலும், லிரியாவிலும் பாஸ் வைத்திருப்பவரும் இருக்கைக்குத் தனியே பணம் கட்டி முன்பதிவு செய்யத்தான் வேண்டும். பிரான்ஸின் அதிவேக ரயில்களில் பாஸ் வைத்திருப்போருக்கென ஒதுக்கும் இருக்கைகளும் ஓரளவுக்குத்தான். அவை தீர்ந்துவிட்டால், ரயிலில் இடம் இருந்தும் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். 9 வயது மகனுக்குப் பாஸ் இலவசம், 14 வயது மகளுக்கு இளையோர் விலை, 60 வயதைக் கடந்த மாமியாருக்குச் சிறு தள்ளுபடி என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும், நீங்கள் செய்யப்போவது ஆறு நீண்ட பயணங்கள், அவற்றில் இரண்டு ஒரே நாளில். இத்தாலியில் சலுகை விலைகள் இவ்வளவு தாழ்ந்திருக்கும்போது பாஸுக்கு அங்கே வேலையே இல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து போன்று முன்பதிவு பெரும்பாலும் கட்டாயமில்லாத நாடுகளில், நினைத்த நாளில் நினைத்த ஊருக்குச் செல்பவர்களுக்கு அது பயன் தரும். முகவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்று நான் கருதவில்லை. ஒரே தாளில் முடிகிற ஏற்பாட்டை விற்பது அவருக்கு எளிது.

எனக்கு உங்கள் திட்டத்தில் கவலை தருவது ரோமிலிருந்து லூசர்னுக்கு ஒரே நாளில் வருவது. ரோமிலிருந்து மிலான் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கு மாறி மேலும் மூன்றேகால் மணி. இவ்விரண்டையும் தனித்தனியே சலுகை விலையில் வாங்கி, முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவதன் பணம் போய்விடும். ஒரே சீட்டாக வாங்கினால் நிலைமை வேறு: 2023 ஜூன் முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் உரிமை விதிகளின்படி, ஒரே சீட்டில் அடங்கும் தொடர்பு ரயிலைத் தவறவிட்டவரைச் சேரவேண்டிய ஊருக்குக் கொண்டு சேர்ப்பது நிறுவனத்தின் கடமை. அப்படி ஒரே சீட்டாகக் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மிலானில் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். அந்த இரண்டு மணி நேரம் மாமியாருக்கு உணவுக்கும் ஓய்வுக்கும் பயன்படும். அதே விதிகளின்படி, சேரும் ஊரை அடைவதில் 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 விழுக்காடும், 120 நிமிடத்தைத் தொட்டால் 50 விழுக்காடும் ஈடாகக் கோரலாம். விதியே தாமதத்துக்கு விலக்கு அளிக்கும் சில சூழல்கள் தவிர, மலிவுச் சீட்டுக்கும் இந்த உரிமை உண்டு.

மே மாதம் என்பதால் இன்னொன்று. பிரான்ஸில் மே 1, மே 8 இரண்டும் அரசு விடுமுறை. கிறிஸ்துவின் விண்ணேற்றத் திருநாள் எப்போதும் வியாழக்கிழமையில் வரும். அது பெரும்பாலும் மே மாதத்தில் விழும், வெள்ளியையும் சேர்த்து நான்கு நாள் விடுமுறையாகப் பலர் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் லிரியா பயணம் அந்த நாள்களை ஒட்டி வருமானால், இருக்கையே தீர்ந்துபோகக்கூடிய அரிய நேரம் அதுதான். ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னதாக அதை வாங்குங்கள்.

இத்தாலியில் ரயில் ஊழியர் வேலைநிறுத்தம் அவ்வப்போது நடக்கும். முன்கூட்டி அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள். ஷோப்பெரோ என்பது அவர்கள் சொல். வார நாள்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்களுக்கு உத்தரவாதம் உண்டு. நீண்டதூர ரயில்களில் எவை கட்டாயம் ஓடும் என்ற பட்டியலும் வெளியிடப்படும். உங்கள் ரயில் ரத்தானால், எவ்வளவு மலிவாக வாங்கியிருந்தாலும் பணம் திரும்பும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு இதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

மாமியாருக்கு நடமாட்ட உதவி தேவைப்பட்டால், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 24 மணி நேரம் முன்பு தெரிவித்தால் பெரிய நிலையங்களில் சக்கர நாற்காலியும் ஏற்றிவிட ஆளும் கட்டணமின்றிக் கிடைக்கும். இத்தாலியில் இந்தச் சேவைக்குச் சாலா ப்ளூ என்று பெயர். நம்மவர்கள் பலர் கேட்கத் தயங்குகிறார்கள். அது உரிமை, தாராளமாகக் கேளுங்கள். மிலான் மத்திய நிலையத்தில் நடைமேடைகள் மேல்தளத்தில் இருக்கின்றன, தூரமும் அதிகம். அங்கே இது மிகவும் தேவைப்படும்.

நொய்யல்கரை, கோயம்புத்தூர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மாமியாரையும் அருகில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படித்தோம். முதல் இரவை மிலானிலேயே தங்கிவிட்டு, மறுநாள் காலை 10 மணியை ஒட்டி வெனிஸ் செல்வதாக மாற்றிவிட்டோம். அதற்காகப் பாரிஸில் ஒரு இரவைக் குறைத்துக்கொண்டோம். விசாவுக்கு ஜனவரி முதல் வாரத்தில் விண்ணப்பிக்கிறோம். அது வந்தவுடன் முதலில் லிரியா, பிறகு ரோமிலிருந்து லூசர்ன், அதன் பிறகு இத்தாலியின் மற்ற மூன்று என்று அந்த வரிசையில் வாங்குவோம். ரிகியும் டிட்லிஸும் மட்டும் போதும் என்று முடிவு செய்ததால் சுவிஸ் டிராவல் பாஸைக் கடைசி வாரத்தில் எடுக்கிறோம். யூரெயில் பாஸ் வேண்டாம் என்று முகவரிடம் தெரிவித்துவிட்டோம்.

சக்கர நாற்காலி கேட்கலாம் என்று படித்தபோது மாமியார் முதலில் மறுத்தார். மிலான் நிலையத்தின் படங்களைக் காட்டிய பிறகு, அந்த ஒரு நிலையத்தில் மட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இன்னும் ஒரு ஐயம் மட்டும் இருக்கிறது. ஐந்து பேருக்கும் ஒரே பதிவாக வாங்குவதா, பிரித்து வாங்குவதா? ஒரே பதிவில் ஒரு விலையும், ஓர் ஆளுக்குத் தேடும்போது அதைவிடக் குறைந்த விலையும் காட்டுகிறதே, அது ஏன்?

ஆரேக்கரை, பேர்ண்

அந்த விலையில் மூன்று இருக்கைகள் மட்டும் மிச்சமிருக்கும்போது நீங்கள் ஐந்து கேட்டால், சில இணையதளங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து அடுத்த விலைப்படிக்குத் தாவிவிடும். ஓர் ஆளுக்குத் தேடும்போது பழைய குறைந்த விலையே தெரிவது அதனால்தான். முதலில் ஐந்து பேருக்கும் சேர்த்துத் தேடுங்கள். பிறகு ஓர் ஆளுக்குத் தேடிப் பாருங்கள். விலை ஒன்றாக இருந்தால் ஒரே பதிவில் வாங்குங்கள், அருகருகே உட்காரலாம். வேறாக இருந்தால் மூன்றும் இரண்டுமாகப் பிரித்து வாங்குங்கள், இருக்கைகளை வரைபடத்தில் ஒரே பெட்டியில் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். பிரிக்கும்போது பிள்ளைகள் ஒவ்வொரு பதிவிலும் ஒரு பெரியவரோடு இருக்க வேண்டும். மாமியாரின் இருக்கையைப் பெட்டியின் கதவுக்கு அருகில் எடுங்கள். பயணப்பெட்டிகளை வைக்கிற இடமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், கழிப்பறைக்கும் அதிகம் நடக்கத் தேவையில்லை.

வாங்கியவுடன் எல்லாச் சீட்டுகளையும் கைப்பேசியில் இணைய இணைப்பு இல்லாமலும் திறக்கும்படி சேமித்து, ஒரு தொகுதியைத் தாளில் அச்சிட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பயணிகளின் பெயர்களைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பரிசோதகர் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். லுட்சேர்னில் இருக்கும் நாள்களில் ஏதும் தடுமாற்றம் என்றால் இங்கேயே எழுதுங்கள். மாலை 6 மணிக்குப் பிறகு தவறாமல் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.